பல மொழி புழங்கும் வீட்டில் தமிழ் எழுத்து: நான்கு முதல் ஆறு வயது வரை

அப்பா தமிழர், அம்மா சீனர். அல்லது அம்மா தமிழர், அப்பா மலாய்க்காரர். வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம். பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பிலிப்பீன்சிலிருந்தோ இந்தோனீசியாவிலிருந்தோ வந்த இல்லப் பணிப்பெண். இப்படிப்பட்ட வீடுகள் சிங்கப்பூரில் அரிதல்ல. தமிழர் மட்டுமே இருக்கும் வீடுகளிலும் நிலைமை எளிதாக இல்லை. எல்லா இனத்தவரையும் சேர்த்த கணக்கில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு.

இந்த வீடுகளில் தமிழ் எழுத்துக் கற்பித்தல் தடுமாறுவதற்குக் காரணம் எழுத்து அல்ல. காதில் ஏறாத சொல்லைக் கண்ணால் படிக்கச் சொல்கிறோம், அதுதான் காரணம். 'கடல்' என்பதை ஓர் ஐந்து வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிச் சரியாகவே படித்துவிடும். ஆனால் அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதே இல்லையென்றால், படித்த பிறகும் அது வெறும் ஓசைதான். படித்ததும் பொருள் கிடைக்க வேண்டும். கிடைக்காத வேலையைப் பிள்ளை எத்தனை நாள் செய்யும்?

காதுக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்

'ஒரு பெற்றோர், ஒரு மொழி' என்ற முறையைப் பலர் தொடங்குகிறார்கள். தமிழ் பேசும் பெற்றோர் வீட்டில் நிறைய நேரம் இருந்தால் அது நடக்கும். இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறவருக்கு நடக்காது. மூன்றாம் வாரமே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவருக்கு ஆளைவிட நேரத்தையும் இடத்தையும் மொழியோடு கட்டுவது நல்லது. குளியலறையில் தமிழ், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது தமிழ், படுக்கையில் தமிழ். நாளுக்கு இருபது, முப்பது நிமிடம் தவறாமல் கிடைத்தால் போதும். குளியலறைதான் எங்கள் முதல் தேர்வு. கை, கால், காது, தலை, தண்ணி, சூடு, போதும், இன்னும் என்று அதே சொற்கள் தினமும் திரும்பத் திரும்ப வரும்.

இங்கே பேசுவது பேச்சுத்தமிழாகவே இருக்கட்டும். 'தண்ணீர் ஊற்றட்டுமா' என்று கேட்க வேண்டாம், 'தண்ணி ஊத்தட்டுமா' என்றே கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் 'தமிழ்ல சொல்லு' என்று நிறுத்தாதீர்கள். அது சொன்னதையே தமிழில் சொல்லி, ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். பிள்ளை 'ஹாட்!' என்றால், 'ஆமா, தண்ணி ரொம்பச் சூடா இருக்கு' என்று சொல்லிவிட்டுக் குளிப்பாட்டுவதைத் தொடருங்கள். நிறுத்திக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் தமிழ் ஒரு தேர்வாகிவிடுகிறது.

வீட்டுப் பொருள், உடல் உறுப்பு, உறவு, உணவு, செயல் எல்லாம் சேர்த்து ஒரு நூறு சொற்களைப் பிள்ளை கேட்டதும் புரிந்துகொள்ள வேண்டும். அதன்பிறகே எழுத்தை எடுங்கள். புரிந்தால் போதும், பேச வேண்டும் என்பதில்லை.

இதோடு ஒரு கைதட்டல் விளையாட்டு. 'அம்-மா' இரண்டு தட்டு, 'தக்-கா-ளி' மூன்று தட்டு, 'கப்-பல்' இரண்டு தட்டு. ஓசையைத் துண்டாக்கத் தெரிந்த காதுக்கு எழுத்து பிறகு எளிதாக ஒட்டும்.

முதல் ஏழு குறிகள்

12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று கட்டம் போட்ட அட்டவணையை முதல் நாளே சுவரில் ஒட்ட வேண்டாம். அகர வரிசை பின்னால் வரட்டும். இப்போது தேவைப்படுவது, குறைந்த குறிகளில் அதிகச் சொற்களைத் தரும் ஒரு தொகுதி.

அ, ஆ, ட, ப, ம, துணைக்கால் (ா), புள்ளி. இந்த ஏழு குறிகளில் பத்துச் சொற்கள் கிடைக்கும்: அம்மா, அப்பா, மாமா, பாப்பா, படம், பாடம், பட்டம், அப்பம், ஆப்பம், ஆட்டம். பெரும்பாலானவை பிள்ளையின் காதில் ஏற்கெனவே இருப்பவை.

அட்டை அஞ்சலட்டை அளவில், ஏறத்தாழ 10 × 15 சென்டிமீட்டர் இருக்கட்டும். தடித்த கறுப்புப் பேனாவால் 4 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சொல் எழுதுங்கள். படத்தைப் பின்பக்கம் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒட்டினால் பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும், எழுத்தைப் பார்க்காது. படித்துவிட்டுத் திருப்பிப் பார்ப்பதுதான் விளையாட்டு.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். புதிய அட்டை நாளுக்கு ஒன்றுதான், மற்றவை பழையவை. பத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டால் எட்டைத் தயங்காமல் படிக்க வேண்டும், அதுவும் அடுத்தடுத்த இரண்டு நாள். அப்போது அடுத்த தொகுதிக்குப் போகலாம். மூன்று அல்லது நான்கு வாரம் ஆகும். ஆறு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

இரண்டாம் தொகுதியில் க, த, ல, மேல்விலங்கு (ி). உடனே குடும்பமே வந்து சேரும்: தாத்தா, பாட்டி, அக்கா, தம்பி. கூடவே பல், பால், கல், கால், கடல், கப்பல், கட்டில், மாடி, கத்தி. மூன்றாம் தொகுதியில் ர, வ, ீ, ை, இவற்றோடு டு, து. இப்போது வீடு, மாடு, காடு, காது, தலை, கை, பை, மரம், கரடி. 'அக்கா, ஆடு', 'தாத்தா, பால் தா' என்று சிறு வாக்கியங்களும் படிக்கலாம்.

இந்த மூன்றும் முடிந்ததும் ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்துக் கொடுங்கள். சிங்கப்பூரின் பெயர் அதில் நான்கு மொழியிலும் இருக்கிறது. 'சிங்கப்பூர்' என்பதில் சி, ங், பூ ஆகியவை மட்டுமே புதியவை. தன் கையில் புழங்கும் காசில் தமிழ் இருப்பதைப் பார்த்த பிள்ளை, ரயில் நிலையப் பெயர்ப்பலகையிலும் கட்டுமானத் தளத்து 'அபாயம்' பலகையிலும் தானாகவே தேடத் தொடங்கும்.

'இம்' என்று சொல்லாதீர்கள்

வீட்டில் கற்பிக்கும்போது அதிகம் நடக்கும் பிழை இது. நாம் ம் என்பதை 'இம்' என்றும் ப் என்பதை 'இப்' என்றும் சொல்லிப் பழகியவர்கள். அப்படியே பிள்ளைக்குக் கொடுத்தால் அம்மா 'அ-இம்-மா' ஆகிறது, படம் 'ப-ட-இம்' ஆகிறது. தமிழ் நன்றாகக் கேட்டு வளரும் பிள்ளை இதைத் தானே சரிசெய்துகொள்ளும், சொல் அதற்குத் தெரியும். தமிழ் குறைவாகக் கேட்கும் பிள்ளை 'அ இம் மா' என்பதிலேயே நின்றுவிடும்.

மாற்று எளிது. புள்ளி எழுத்தைத் தனியே சொல்லாமல், அதற்கு முந்தைய எழுத்தோடு சேர்த்து ஒரே தட்டாகச் சொல்லுங்கள்: அம்-மா, அப்-பா, பட்-டம், கப்-பல், கட்-டில். அட்டையில் அந்த இரண்டு எழுத்துக்கும் அடியில் ஒரு வளைவு போட்டுக் காட்டுங்கள். கைதட்டலில் பழகிய அதே துண்டுகள்தான் இவை. 'இக், இங், இச்' எல்லாம் தொடக்கநிலை ஒன்றில் எழுத்தின் பெயராகக் கற்றுக்கொள்ளட்டும்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும். ஆங்கில எழுத்து தெரிந்த பிள்ளை, 'தம்பி'யில் வரும் பியும் 'பாட்டி'யில் வரும் பாவும் ஏன் வேறுவேறாகக் கேட்கின்றன என்று கேட்கும். மெல்லின எழுத்துக்குப் பிறகு வந்தால் மெலியும், சொல்லின் முதலில் வந்தாலோ இரட்டித்தாலோ வலிக்கும் என்பது விதி. அந்த விதியை இப்போது சொல்ல வேண்டாம். 'இந்தச் சொல்லில் அப்படித்தான்' என்று சொல்லி, அட்டையை மறுபடி படித்துக் காட்டுங்கள். ஐம்பது சொற்கள் சேர்ந்தால் காது விதியைத் தானே கண்டுபிடிக்கும்.

குறிலும் நெடிலும் அப்படித் தானாக வராது. மலாயிலும் சீனத்திலும் உயிரை நீட்டினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. எழுத்தை அழுத்தி இரட்டிப்பதாலும் மாறுவதில்லை. ஆகவே அந்த மொழிகளில் வளர்ந்த காதுக்கு பல், பால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கலாம். கல்–கால், படம்–பாடம்–பட்டம் ஆகியவையும் அப்படியே. மேலே உள்ள தொகுதிகளில் இந்த இணைகளை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறோம். இரண்டு படங்களைத் தரையில் வையுங்கள். நீங்கள் 'பால்' என்றதும் பிள்ளை சரியான படத்தின்மேல் குதிக்கட்டும். பத்துக்கு ஒன்பது சரியாக வரும்வரை அந்த இணையை எழுதச் சொல்லாதீர்கள். காது பிரிக்காததைக் கை பிரிக்காது.

கொம்பு, உகரம்

ெ, ே, ை மூன்றும் கண்ணுக்கு முன்னால் நிற்கும், வாயில் பின்னால் வரும். அதனால் 'கெ'யைப் பிள்ளை 'எ-க' என்று படிப்பதுண்டு. கவனக்குறைவு இல்லை, இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படித்ததன் விளைவு. கொம்பைச் சிவப்பிலும் மெய்யைக் கறுப்பிலும் எழுதி, 'கொம்பைப் பார்த்தால் தாண்டிக் குதி, அடுத்து நிற்பவரைக் கூப்பிடு' என்று பழக்குங்கள். ொ, ோ இரண்டும் கொம்பு நன்றாக ஊன்றிய பிறகுதான்.

உகரக் குறிக்கு ஒரே வடிவம் கிடையாது. கு, டு, து, பு, மு, ரு என எழுத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே குறியைப் பிரித்துக் காட்டாமல் முழு எழுத்தாகவே கொடுங்கள். டு, து முதலில். பிறகு கு, பு, மு. மற்றவை சொல்லில் வரும்போது வரட்டும்.

வீட்டின் மற்ற மொழிகள் உதவிக்கு வரும்

மலாய் பேசும் வீட்டில் தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மலாயில் 'கெடாய்' என்பது நம் கடை, 'காப்பல்' கப்பல், 'காத்தில்' கட்டில், 'ஆப்பாம்' ஆப்பம். நெனெக் (மலாய்ப் பாட்டி) மலாயில் சொல்ல, பிள்ளை தமிழ் அட்டையைத் தேடி எடுக்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மலாயின் 'கோலாம்' நம் குளம். வாசலில் போடும் கோலம் வேறு. ஞ தடுமாற்றமானால் மலாயில் கொசுவைக் குறிக்கும் 'ஞாமுக்' கைகொடுக்கும்.

சீனம் பேசும் அம்மா தன் உச்சரிப்பு கெடுத்துவிடுமோ என்று ஒதுங்க வேண்டியதில்லை. சீனத்தில் அப்பாவை அழைக்கும் 'பாபா'வின் முதல் ஒலி, தமிழ்ப் பகரத்துக்கு ஆங்கிலத்தின் 'பென்'னைவிட நெருக்கமானது. உள்ளங்கையை வாய்முன் வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'பென்'னில் காற்று அடிக்கும், 'பாபா'விலும் தமிழ்ப் 'பா'விலும் அடிக்காது. ழகரத்துக்கும் சீனம் உதவும். மனிதனைக் குறிக்கும் 'ரென்' என்ற சொல்லின் முதல் ஒலியில் நாக்கு மேல்நோக்கி எழும் இடம் ழ-வின் இடத்துக்கு அருகில்தான் இருக்கிறது.

எழுதும்போது வேறு விதமான குறுக்கீடுகள் வரும். சீன எழுத்துப் பழகிய பிள்ளை ஒவ்வொரு கோட்டுக்கும் கையைத் தூக்கும். தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் கை எடுக்காமல் ஓடுபவை. குர்ஆன் வகுப்புக்குப் போகும் பிள்ளை வலப்பக்கத்திலிருந்து தொடங்கலாம். வரியின் இடது முனையில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது.

தமிழ் தெரியாத பெற்றோரின் வேலை

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அல்ல அவர் வேலை. அவருக்காகத் தமிழ்ச் சொல்லின் கீழே ஆங்கில எழுத்தில் எழுதித் தருவது மட்டும் வேண்டாம். பிள்ளையின் கண் பழகிய எழுத்துக்குத்தான் போகும், தமிழ் வரி வெறும் அலங்காரமாகிவிடும். ல, ள, ழ வேறுபாட்டையும் குறில் நெடிலையும் ஆங்கில எழுத்து ஒழுங்காகக் காட்டாது.

பதிலாக, புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பாட்டியோ தாத்தாவோ நிதானமாகப் படித்துக் கைப்பேசியில் பதிவுசெய்யட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு பதிவு, முப்பது நொடிக்குள். அந்தப் பாட்டி தெம்பனிசில் இருந்தாலும் தஞ்சாவூரில் இருந்தாலும் சரி. தமிழ் தெரியாத பெற்றோர் பதிவை ஓடவிட்டு, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போகலாம். பிறகு தன் மொழியிலேயே கேட்கலாம்: 'இதற்குத் தமிழில் என்ன?' பிள்ளை சொன்னதை அவர் தப்பாகச் சொல்ல, பிள்ளை திருத்தும். தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை சொல்லை மறப்பதில்லை. இல்லப் பணிப்பெண்ணும் இதே முறையில் உதவலாம்.

புத்தகத் தேர்வில் ஒரு கட்டுப்பாடு: பக்கத்துக்கு ஒரு வரி, வரிக்கு மூன்றிலிருந்து ஐந்து சொல், மொத்தம் எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கம். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள மத்திய பொது நூலகத்தில் சிறுவர் தமிழ் நூல்கள் உண்டு. ஒரே புத்தகத்தை ஒரு வாரம் வைத்திருங்கள். முதல் நாள் படம் பார்த்துப் பேச்சு மட்டும். இரண்டாம் நாள் விரல் வைத்து வாசிப்பு. மூன்றாம் நாள் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு தெரிந்த எழுத்து வேட்டை.

வாசிக்கும்போது பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் முட்டிக்கொள்ளும். புத்தகத்தில் 'பாப்பா பால் குடிக்கிறது' என்றிருக்கும், வீட்டில் நாம் 'குடிக்குது' என்போம். இருப்பதை இருக்கிறபடியே வாசியுங்கள். பிறகு 'பாப்பா என்ன பண்ணுது?' என்று பேச்சில் கேளுங்கள். 'பால் குடிக்குது' என்று பிள்ளை சொன்னால் அது முழுச் சரியான பதில், திருத்தக் கூடாது. 'நாம குடிக்குதுன்னு சொல்றோம், புத்தகம் குடிக்கிறதுன்னு சொல்லுது' என்ற ஒரு வரி போதும்.

கை

படிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. அ முதல் வாரமே படிக்கப்படும். ஆனால் அதன் சுழி சிறு கைக்குக் கடினம். எழுத்து ட-வில் தொடங்கட்டும்: மேலிருந்து கீழ், பிறகு வலம். அடுத்து ப: கீழே இறங்கி, வலம் போய், மேலே ஏறும். அந்தக் கை நிற்காமல் வளைந்து உள்ளே இறங்கினால் ம. க, த, அ எல்லாம் ஐந்தரை வயதுக்குப் பிறகு போதும்.

தாளுக்கு முன் தட்டு. ஏ4 தாள் அளவில் அடிப்பக்கம் கருநிறமான ஒரு தட்டில் 300 கிராம் ரவையைப் பரப்புங்கள். அரிசியைவிட ரவையில் விரல்தடம் தெளிவாக விழும். நம் ஊர் ஈரப்பதத்தில் ரவை கட்டிதட்டும், வண்டும் வரும். இறுக மூடிய டப்பாவில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வரிசை இது: நீங்கள் எழுதுவதைப் பார்க்கும், காற்றில் எழுதும், ரவையில் எழுதும், தட்டைக் குலுக்கி அழித்துவிட்டு நினைவிலிருந்து எழுதும். புள்ளிக்கோட்டின்மேல் எழுதும் தாள்களை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பிள்ளை புள்ளிகளைத்தான் சேர்க்கிறது, எழுத்தின் ஓட்டம் கையில் பதிவதில்லை.

பிறகு சுவரில் ஒட்டிய பெரிய தாளில் 5 சென்டிமீட்டர் எழுத்து, அதன்பின் மேசையில் 2 சென்டிமீட்டர். கட்டை விரல் நீளமே உள்ள உடைந்த வண்ணக்கட்டி நல்லது. நீளமானதை முஷ்டியால் பிடிக்கும். குட்டையானதை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும்.

பிள்ளையின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பள்ளிக்குப் போகும் முன்பே முடிவுசெய்யுங்கள். மெய் லிங், ஸோஃபியா, ஹாரிஸ் போன்ற பெயர்களை வீட்டில் ஒரு விதமாகவும் பள்ளியில் ஒரு விதமாகவும் எழுதினால், பிள்ளை முதலில் கற்கும் சொல்லே ஆட்டம் காணும். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஒன்றைத் தேர்ந்து, ஆசிரியரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழைய முறையில் கற்ற தாத்தா பாட்டி லை, னை, ணா, றா போன்றவற்றைச் சுழித்து எழுதுவார்கள். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது. அவர்களைத் திருத்த வேண்டாம். அட்டையை மட்டும் நீங்கள் எழுதுங்கள்.

பள்ளி, சந்தேகம்

கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் அனைத்திலும் சீனம், மலாய், தமிழ் மூன்றும் உண்டு. தனியார் பாலர் பள்ளிகள் பலவற்றில் தமிழ் இல்லை. பதிவுக்கு முன், தமிழ் ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வருகிறார் என்று கேளுங்கள்.

மொழிகளைக் கலந்து பேசுவது குழப்பத்தின் அறிகுறி அல்ல. ஐந்து, ஆறு வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவதும் இயல்பு. ஒரு வேறுபாட்டை மட்டும் தெளிவாகப் பாருங்கள். தடுமாற்றம் தமிழில் மட்டும் என்றால் பெரும்பாலும் தமிழ் கேட்கும் நேரம் போதவில்லை என்று பொருள். குளியலறை நேரத்தைக் கூட்டுங்கள். வீட்டின் எல்லா மொழிகளிலும் அதே தடுமாற்றம் இருந்தால், உதாரணமாக நான்கு வயதில் 'காலணியை எடுத்து வந்து கதவருகே வை' போன்ற இரண்டு கட்டச் சொல்லை எந்த மொழியில் சொன்னாலும் பின்பற்ற முடியாவிட்டால், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துச் சென்று முதலில் செவிப்புலனைச் சோதிக்கக் கேளுங்கள். 'ஒரு மொழியை விட்டுவிடுங்கள், சரியாகிவிடும்' என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால், பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்கும்வரை அதைச் செய்யாதீர்கள். பார்க்கப் போகும்போது பிள்ளை எந்த மொழியை யாரிடம், நாளுக்கு எவ்வளவு நேரம் கேட்கிறது என்று ஒரு வாரக் குறிப்பை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.